மானிட்டர் வாங்கப் போறீங்களா? கீழ் எண்ணையும் கேளுங்க

கேமிங் மானிட்டர் வாங்கும்போது பெட்டியில் இருக்கும் 144, 165 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்ற கணக்கு) என்ற பெரிய எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். அடாப்டிவ் சிங்க், அதாவது கேமின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி, எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து எத்தனை வரை வேலை செய்யும் என்று பாருங்கள். மேல் எண் கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

கேம் 40 எஃப்.பி.எஸ்ஸுக்கு (நொடிக்கு 40 ஃபிரேம், அதாவது 40 படங்கள்) இறங்கினால், 48 முதல் 144 வரை உள்ள மானிட்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டிவிடும். படம் கிழியாது. 48 முதல் 75 வரை மட்டும் உள்ளதில் அந்த 80-க்கு இடமே இல்லை, அதனால் திணறலோ கிழிசலோ திரும்ப வந்துவிடும். நம்மில் பலருடைய பட்ஜெட் கிராபிக்ஸ் கார்டு பெரிய கேம்களில் தடுமாறுவது இந்த 40, 50 பக்கம்தான்.

கடைக்காரருக்கு இந்த விவரம் பெரும்பாலும் தெரியாது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு எஸ்.பி. ரோடு போய் வாங்குகிறவர்கள் கிளம்பும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. மாற்ற மறுபடி பஸ் ஏறுவது வீண் செலவு.

வேலோரன்ட் மாதிரி கேம் மட்டும் ஆடி, எப்போதும் 100 எஃப்.பி.எஸ்ஸுக்கு மேல் வருகிறதென்றால் கீழ் எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு முந்தைய கார்டு என்றால் இந்த மானிட்டர்களில் அடாப்டிவ் சிங்க்கே வேலை செய்யாது. 10 வரிசை என்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணையுங்கள், எச்டிஎம்ஐ வேண்டாம்.