டெலிகிராம் குழுவில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எழுதப் பழக்குவது எப்படி?

யாங்கோனில் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் பர்மியமும் பேசுகிறார்கள். ஆங்கிலம் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. அதில் எழுதுவதைப் படிக்க ஆசிரியரைத் தவிர ஆள் இல்லை. படிக்க நாலு பேர் இருந்தால் பிள்ளை எழுதும். ஞாயிறு வகுப்பில் இதைக் கண்ணால் பார்த்தேன்.

முதலில் குழுவைத் தொடங்குங்கள். ஃபேஸ்புக் 2021 பிப்ரவரியிலிருந்து இங்கே தடுக்கப்பட்டிருக்கிறது. அதற்காகப் பிள்ளைகளிடம் விபிஎன் போடச் சொல்லாதீர்கள். எங்கள் பிள்ளைகளின் வீட்டுப் போன்களில் டெலிகிராம் ஏற்கெனவே இருந்தது, அதையே எடுத்துக்கொண்டோம். குழு வெளியாருக்குத் தெரியாத தனிக் குழுவாக இருக்கட்டும். ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் போதும். பெற்றோரையும் சேர்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், போன் எண்ணை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் 'நோபடி' என்று வையுங்கள். வீட்டு முகவரி, முகப் படம், அரசியல் மூன்றும் குழுவில் கூடாது.

அடுத்தது தலைப்பு. 'என் குடும்பம்' என்று கொடுத்தால் எட்டுப் பேரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். அதற்குப் பதில் ஒரு படம் போடுங்கள்: அனோரத்தா சாலைக் காளி கோவில் கோபுரம், காலையில் ஆவி பறக்கும் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் கிண்ணம். மூன்றே வாக்கியம் கேளுங்கள். கரண்ட் போய்விடும், இணையம் வராது. ஆகவே இரண்டு நாள் அவகாசம் கொடுத்து, முதலில் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

பிறகு ஒவ்வொருவரும் இன்னொருவர் எழுதியதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 'மொஹிங்கா இஸ் ஹாட்' என்று நிறுத்திய பையனிடம், யார் சமைத்தது என்று ஒருத்தி கேட்டாள். பாட்டி விடியற்காலையில் எழுந்து மீன் வேகவைத்த கதையை ஐந்து வரியில் எழுதினான். நான் கேட்டிருந்தால் இரண்டு வரிதான் வந்திருக்கும்.

இனி திருத்தம். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். தொடக்கத்தில் ஒரு சிறுமியின் பிழைகளையெல்லாம் குழுவிலேயே சுட்டிக்காட்டிவிட்டேன். இரண்டு வாரம் அவள் எழுதவே இல்லை. இப்போது வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும்தான் சுட்டிக்காட்டுகிறேன், அதுவும் தனிச் செய்தியில்.

'ஷி கோ' என்று பிள்ளைகள் எழுதுவது சோம்பலால் அல்ல. பர்மியத்தில் நான், அவள், அவர்கள் யார் போனாலும் வினைச்சொல் 'த்வாதே'தான். நேற்றுப் போனதற்கும் அதேதான். தமிழில் அப்படி இல்லை: போகிறேன், போகிறாள், போனாள். இந்த மூன்றையும் சொல்லிக் காட்டி, ஆங்கிலமும் இந்த இடத்தில் நம் தமிழைப் போலக் கொஞ்சம் மாறும் என்று சொல்லுங்கள். 'கோஸ்', 'வென்ட்' இரண்டும் புரிந்துவிடும். நம் தாய்மொழி இப்படிக் கைகொடுப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. 'எ', 'தி' இரண்டுக்கும் தமிழிலும் பர்மியத்திலும் நேர் இணை இல்லை, அவற்றுக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

திருத்தியதைப் பழைய செய்தியின் மேலேயே மாற்ற விடாதீர்கள். அதற்குப் பதிலாக ரிப்ளை செய்து புதிதாக எழுதட்டும். முன்னதும் பின்னதும் கண்முன் இருக்கும். மாதக் கடைசியில் இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லி, பெற்றோரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.