தேய்ந்த தவாவா, அழுக்குத் தவாவா? நான்ஸ்டிக் பாத்திரத்தை மீட்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

தோசை ஒட்ட ஆரம்பித்தால் வீட்டில் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும்: "கோட்டிங் போய்விட்டது." அந்தத் தீர்ப்பை நம்பி நான் ஒரு தவாவை இழந்திருக்கிறேன். போனதுதான் போயிற்று, கறையாவது போகட்டும் என்று ஸ்டீல் நாரை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். கறை போனது. அதுவரை நன்றாகவே இருந்த பூச்சும் கூடவே போனது. அடுத்த தவாவுக்கும் அதே நிலை வந்தபோது, தேய்க்கச் சோம்பல்பட்டு, ஆப்ப சோடா போட்ட தண்ணீரை அதில் கொதிக்கவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். அந்தத் தவா அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் உழைத்தது.

இரண்டுக்கும் வந்திருந்தது ஒரே நோய், அழுக்கு. அதைத் தேய்மானம் என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. மற்றத் தவறுகள் பலவும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பிரித்தறிவது கடினமில்லை. பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விரலால் தடவிப் பாருங்கள். தேன் நிறத்திலோ பழுப்பாகவோ ஒரு படலம், கொஞ்சம் பிசுபிசுப்பு, விளிம்புப் பக்கம் போகப்போகக் கூடுதல் என்றால் அது எண்ணெய்க் கறை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், நல்ல பூச்சின் மேல் முத்தாகத் திரண்டு உருளும்; கறையின் மேல் பரவிப் படுத்துக்கொள்ளும். மாறாக, வெள்ளி நிறத்தில் உலோகம் பளிச்சிடுகிறது, நகத்தால் நெருடினால் ஓரம் செதிலாக எழும்புகிறது, ஆங்காங்கே கொப்புளம் போல உப்பியிருக்கிறது என்றால் அது தேய்மானம். முதலாவதற்கு வீட்டிலேயே மருந்து உண்டு. இரண்டாவதற்கு இல்லை.

இரும்புக் கல்லின் பழக்கங்கள்

எண்ணெய் மெல்லியதாகப் பரவிச் சூடேறும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, வார்னிஷ் போல இறுகிவிடும். சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய் போன்றவை சீக்கிரம் இறுகும். தேங்காய் எண்ணெய் மெதுவாக. இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குகிறோம் என்று எண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயம் வதக்கி, நாள்கணக்கில் பாடுபட்டு நாம் ஏற்றுவது இந்தப் படலத்தைத்தான். இரும்பில் அது வரம். நான்ஸ்டிக்கிலோ, வழுக்கும் பரப்பின் மேல் ஒட்டும் பரப்பைப் போர்த்துகிற வேலையை அது செய்கிறது.

ஆனால் நமக்குக் கைவந்த பழக்கங்கள் எல்லாம் இரும்புக் கல்லுடையவை. கல் புகைகிற வரை காயவிடுவது, தண்ணீர் தெளித்துச் சோதிப்பது, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் தேய்ப்பது, கூரான தோசைத் திருப்பியால் சுரண்டி எடுப்பது. தெளித்த சொட்டுகள் குதித்து ஓடினால் பரப்பு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கும். நான்ஸ்டிக் தவாவுக்கு அது தேவையில்லாத சூடு. அந்தச் சூட்டில் மாவு ஊற்றினால் பரவவும் செய்யாது; கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். தீயைக் குறைத்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு ஊற்றினால் மாவு ஒழுங்காக வட்டமிடும். எண்ணெயைத் தவாவில் தடவுவதைவிட, ஊற்றிய தோசையைச் சுற்றி விடுவது நல்லது. வெறும் பரப்பில் தங்கிக் கருகும் எண்ணெய் அந்த அளவுக்குக் குறையும்.

சூடான தவாவைக் குழாயடியில் நீட்டிச் 'சொய்ங்' என்ற சத்தத்தைக் கேட்டு மகிழ்வதும் இந்த வரிசையில் சேரும். மெல்லிய அலுமினியம் அந்த அதிர்ச்சியில் வளைந்துவிடும். அடிப்பாகம் குமிழ்ந்த தவா அடுப்பில் ஆடும்; எண்ணெய் ஒரு பக்கமாக ஓடும்; ஒரு தோசையின் நடு வெந்து ஓரம் வேகாமல் நிற்கும். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் தொல்லை. வளைந்த தவாவைத் தட்டி நிமிர்த்தும் முயற்சியில் பூச்சு வெடிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

தேய்ப்பதில் உள்ள தவறுகள்

பூச்சின் தடிமன் பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரான் வரைதான். தலைமுடியின் தடிமனில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் ஸ்டீல் நார் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பலருக்கும் தெரியாதது பச்சை ஸ்க்ரப்பரின் குணம். தொட்டால் துணி போல இருந்தாலும், அந்த இழைகளில் உப்புத்தாளில் இருப்பது போன்ற கடினத் துகள்களை ஒட்டியிருப்பார்கள். ஸ்பாஞ்சின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சை என்று வாங்கினால், நான்ஸ்டிக்குக்கு மஞ்சள் பக்கம் மட்டும். தேங்காய் நாரைவிட அதோடு கூட்டுச் சேர்ந்து வரும் சாம்பலும் மணலும்தான் கெடுதல். உமிச் சாம்பலில் நிறைந்திருப்பது சிலிக்கா. பித்தளைக்கு அது நல்ல நண்பன், இதற்கு எதிரி.

குழிப்பணியாரக் கல் தனிக்கதை. நான்ஸ்டிக் பணியாரக் கல் வாங்கியவர்களில் பாதிப்பேர் பணியாரத்தைத் திருப்பப் பழைய கம்பியையே எடுக்கிறார்கள். குழியின் ஓரத்தில் கம்பி சுற்றிச்சுற்றி வந்து ஒரு வட்டக்கீறலைப் போட்டுவிடும். மூங்கில் குச்சி போதும். கழுவும்போதும் குழிக்குள் விரலும் ஸ்பாஞ்சும் போனால் போதுமானது. போகாத இடத்துக்குப் பழைய பல்துலக்கி.

அடுத்தது, இணையம் முழுக்கப் பரவிக் கிடக்கும் ஆப்ப சோடா, வினிகர் கூட்டணி. இரண்டையும் சேர்த்து ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்க்கப் பெரிய வேலை நடப்பது போலத் தோன்றும். காரத்தை அமிலம் முறித்து, கரியமில வாயு வெளியேறி, மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். இறுகிய எண்ணெயைத் தளர்த்துவது காரம். அதைத்தான் நாம் வினிகர் ஊற்றி வீணாக்குகிறோம். புளியும் எலுமிச்சையும் செம்பு, பித்தளையின் களிம்புக்கானவை. உப்புக்கறை படிந்த கெட்டிலுக்கு வினிகர் உதவும். எண்ணெய்க் கறைக்கு அவற்றால் பெரிய பயனில்லை. அதோடு, கீறல் விழுந்த பாத்திரத்தில் புளித்தண்ணீரோ உப்புத்தண்ணீரோ இரவு முழுவதும் நின்றால், கீறல் வழியே உள்ளே போய் அலுமினியத்தை அரிக்கும். பூச்சு அடியிலிருந்து உப்பும். புளிக்குழம்பை வைத்த பாத்திரத்திலேயே மறுநாள் வரை விட்டுவைப்பதும் இப்படித்தான்.

காரம் நல்லது என்றால் கூடுதல் காரம் கூடுதல் நல்லது என்று சலவைச் சோடாவுக்குத் தாவுவதும் தவறு. அலுமினியத்துக்குக் கடுங்காரம் ஆகாது. அடிப்பாகம் கருத்துப் போகும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்ட அலுமினியம் மங்கிச் சாம்பல் பூத்துப் போவதும் அதன் சோப்புத்தூளிலுள்ள காரத்தால்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. கறை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், அதில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா. சிறு தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கட்டும். பொங்கி வழியும், பக்கத்திலேயே இருங்கள். (நான் வேறு வேலை பார்க்கப் போனேன் என்று சொன்னேன் அல்லவா? அடுப்பைத் துடைக்கத் தனியாக அரைமணி நேரம் ஆனது.) கொதிக்கும்போதே பழுப்புப் படலம் சுருண்டு எழுவது தெரியும், மரக்கரண்டியால் மெதுவாகத் தள்ளிவிடலாம். பிறகு தானாக ஆறட்டும். ஆறியபின் பாத்திர சோப்பும் மென்மையான ஸ்பாஞ்சும். விடாத இடத்தில் ஆப்ப சோடாவைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரைமணி நேரம் கழித்து விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்கலாம். பல மாதக் கறை ஒரே முறையில் போகாது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள்; ஒரே நாளில் பிடிவாதம் பிடிப்பதுதான் பூச்சைக் கொல்கிறது.

தோசைத் தவா தட்டையாக இருப்பதால் தண்ணீர் நிற்காதே என்று கேட்கலாம். சோடாத் தண்ணீரில் நனைத்த பருத்தித்துணியைச் சூடான தவாவின் மேல் விரித்து, குறைந்த தீயில் காயாமல் மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் அதே பலன் கிடைக்கும். துணி தவாவைவிட்டு வெளியே தொங்கக் கூடாது.

வெளிப்புற அடியில் படிந்த கரிக்கு இவ்வளவு பயம் வேண்டாம். அங்கே பூச்சு இல்லாத மாடல் என்றால் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கலாம். கைப்பிடியின் திருகாணி இடுக்கை மட்டும் மறக்காதீர்கள். பழைய எண்ணெயின் காறல் வாடை பல நேரம் அங்கிருந்துதான் வருகிறது.

'புதுப்பிக்கும்' வித்தைகள்

சுத்தம் செய்தபின் சில சொட்டு எண்ணெய் தடவி, இளஞ்சூட்டில் வைத்துத் துடைத்தெடுப்பது நல்ல பழக்கம்தான். அது நுண்கீறல்களை நிரப்பிச் சில நாள் உதவும். ஆனால் அதையே பூச்சை மீட்பது என்று எண்ணி, எண்ணெய் தடவித் தடவிப் புகையவிட்டால், கழற்றிய கறையை நாமே திரும்ப ஏற்றுகிறோம். பாலைக் கொதிக்கவிட்டால் கீறல் அடையும் என்ற குறிப்பும் சுற்றி வருகிறது. பீங்கானின் மயிரிழை விரிசலுக்குச் சொல்லப்பட்ட பழைய கைவைத்தியம் அது. நான்ஸ்டிக்கில் அடிப்பிடித்த பால்தான் மிஞ்சும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தெருவில் வந்த காலத்தைப் பார்த்தவர்கள், இதற்கும் அப்படி ஒருவர் இருக்கமாட்டாரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ஒரு கரியடுப்பும் துருத்தியும் நவச்சாரமும் கொஞ்சம் பஞ்சும் இருந்தால் தெருவோரத்திலேயே பூசிவிடலாம். பெரும்பாலான நான்ஸ்டிக் பூச்சுகளின் மூலப்பொருளான டெஃப்ளான் அப்படிப்பட்ட பொருள் இல்லை. 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த அந்த வெள்ளைப் பொடி எதனுடனும் ஒட்டாது, உலோகத்தோடும்தான். 1950களில் மார்க் கிரெகுவார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அலுமினியத்தின் பரப்பைச் சொரசொரப்பாக்கி, அந்த நுண்பள்ளங்களில் அதைப் பிடித்து நிற்கவைத்த பிறகுதான் நான்ஸ்டிக் சட்டி பிறந்தது. இன்றும் ஆலையில் பரப்பைச் சொரசொரப்பாக்கி, அடிப்பூச்சு தெளித்து, மேல்பூச்சு தெளித்து, ஏறத்தாழ 400 டிகிரி உலையில் சுடுகிறார்கள். பேக்கரித் தட்டுகளுக்குத் தொழில்முறையில் மறுபூச்சுப் போடுவது உண்டு. வீட்டு அடுப்பில் அந்தச் சூடும் வராது, அந்தப் பிடிப்பும் வராது. டப்பாவில் விற்கும் தெளிப்பான்களுக்குக் கொடுக்கும் பணத்தைப் புதுத் தவாவுக்குச் சேர்த்து வைக்கலாம்.

செராமிக் பூச்சுக்கு மட்டும் கணக்கு சற்று வேறு. அது சிலிக்கா அடிப்படையிலானது. அதிகச் சூட்டைத் தாங்கும், ஆனால் வழுவழுப்பை விரைவில் இழக்கும். அதற்கும் ஆப்ப சோடாச் சிகிச்சை பொருந்தும்.

வெறும் சட்டி

மிளகாய் வறுக்கவோ தாளிக்கவோ வெறும் நான்ஸ்டிக் சட்டியைப் பெருந்தீயில் வைத்துவிட்டுக் கடுகு டப்பாவைத் தேடுகிறோம். சில நிமிடங்களிலேயே 260 டிகிரியைத் தாண்டக்கூடிய சூழல் அது. பூச்சு சிதையத் தொடங்கும் எல்லையும் ஏறத்தாழ அதுதான். 350ஐத் தாண்டினால் சிதைவு கடுமையாகிறது. அந்தப் புகை மனிதருக்குக் காய்ச்சல், குளிர், நெஞ்சிறுக்கம் தரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். கிளி, லவ் பேர்ட்ஸ் போன்ற கூண்டுப் பறவைகள் அதில் செத்தே போகும். சமையலறைக்குப் பக்கத்தில் கூண்டு வைத்திருப்பவர்கள் இடத்தை மாற்றுங்கள். 2024இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உணவு வழிகாட்டி இன்னும் கறாராக 170 டிகிரி என்று எல்லை போடுகிறது. பூச்சு சேதமான பாத்திரத்தைத் தவிர்க்கவும் சொல்கிறது.

பெட்டியில் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று போட்டிருப்பதைப் பார்த்து, எவ்வளவு சூடாக்கினாலும் கெடுதலில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். பி.எஃப்.ஓ.ஏ. என்பது பூச்சைத் தயாரிக்கும்போது பயன்பட்ட துணைப்பொருள். எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் 2019இல் சேர்ந்தது. அது இல்லாமல் செய்த டெஃப்ளானும் டெஃப்ளான்தான். அதே சூட்டில்தான் சிதையும். தோசையோடு உள்ளே போன சிறு செதிலை எண்ணி அஞ்ச வேண்டாம். அது செரிக்காமல் வெளியேறிவிடும். அஞ்ச வேண்டியது புகைக்கு.

அதனால்தான் ஓய்வு கொடுத்த தவாவைப் பிரியாணிக்குத் தம் போடும் தட்டாக மாற்றுவது மோசமான யோசனை. பானைக்கு அடியில் ஒரு மணி நேரம் வெறுமனே காய்வது, அந்தப் பூச்சுக்கு நாம் கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய சூடு. மிச்சப் பூச்சை உப்புத்தாளால் உரித்து வெறும் அலுமினியச் சட்டியாக்குவதும், நெருப்பில் போட்டு எரித்தெடுப்பதும் வேண்டாம். ஒன்றில் தூசி, மற்றதில் புகை. பூந்தொட்டிக்கு அடித்தட்டாக வைக்கலாம். இல்லையென்றால் கைப்பிடியைக் கழற்றிவிட்டுப் பழைய பொருள் கடையில் போடுங்கள்; அலுமினியத்துக்கு எடை போட்டுக் காசு தருவார்கள்.