ரீலோடிங் பிரஸ்: எது தேய்மானம், எது வெறும் அழுக்கு?

சுட்ட தோட்டாவின் வெற்று உறையை (கேஸ்) மறுபடி தோட்டாவாக்க உதவும் கருவிதான் ரீலோடிங் பிரஸ். அதற்குப் புதுப் பாகம் ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு பழைய துணி, ஒரு டூத்பிரஷ், ஒரு அலன் கீ செட் எடுத்துக்கொண்டு பிரஸ் முன்னால் உட்காருங்கள். "தேய்ந்துபோச்சு, இனி ஆகாது" என்று ஓரங்கட்டப்படும் ரீலோடிங் பிரஸ்களில் பலவற்றுக்கு வியாதி தேய்மானமே இல்லை. பிரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் குட்டி மூடி) விட்டுப்போன கசடு, தளர்ந்த போல்ட், காய்ந்து பிசினாகிப்போன கிரீஸ், அவ்வளவுதான். நிஜமாகவே எது தேய்ந்திருக்கிறது என்பது அழுக்கு போன பிறகுதான் தெரியும்.

முதலில் மேசையைக் காலி செய்யுங்கள். ஹாப்பரில் (பவுடர் கொட்டிவைக்கும் குடுவை) மிச்சமிருக்கும் பவுடர் அதனுடைய சொந்த டப்பாவுக்கே திரும்பிப் போக வேண்டும், பிரைமர் டியூபில் ஒன்றுகூட இருக்கக் கூடாது, டிரேயின் மூலையில் கவிழ்ந்து கிடக்கும் அந்த ஒன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தட்டுவதும் நெம்புவதும் சுரண்டுவதும் நடக்கப்போகிற இடத்தில், அடி பட்டால் வெடிக்கும் பொருளுக்கு வேலை இல்லை. போதாததற்கு, ஆயில் பட்ட பிரைமர் பார்க்க நன்றாகவே இருந்து, சுடும்போது காலை வாரிவிடும். அப்புறம் அந்தக் கறுப்புத் தூள்: பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு. அதனால் கம்பிரஸர் காற்றால் ஊதவே ஊதாதீர்கள். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், கையுறையைக் கழற்றிய பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குட்டி சி-கிளிப்புகள் பறந்துபோவதற்கென்றே செய்யப்பட்டவை, அவற்றைக் கழற்றும்போது மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு கழற்றினால் தரையில் தவழ்ந்து தேடும் வேலை மிச்சம்.

இனி ராம், அதாவது கைப்பிடியை இழுத்தால் கேஸைத் தூக்கிக்கொண்டு மேலே போகும் தண்டு. சுத்தமாகத் துடைத்து, மேசையோடு பிரஸ்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை முதலில் இறுக்கிவிட்டு (இதைச் செய்யாமல் ராமைக் குறை சொல்வது அநியாயம்), டை (கேஸை வடிவமைக்கும் அச்சு) இல்லாமல் ராமைப் பாதி உயரத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மிக லேசான ஆட்டம் இருக்கும், இருக்கலாம். கேஸைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரும் ராமின் தலையில் கொஞ்சம் அசையத்தான் செய்யும், கேஸ் தானாக டைக்கு நேராக வந்து நிற்பதற்கு அது உதவுகிறது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி "கடக் கடக்" என்று ஆடினால்தான் கவலை. அந்த ஆட்டம் கைப்பிடியையும் ராமையும் இணைக்கும் லிங்கேஜ் பின்களில் என்றால் பின்னையும் கிளிப்பையும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. பிரேமில் ராம் ஓடும் துளையே நீள்வட்டமாகியிருந்தால் அது வீட்டில் சரிசெய்கிற வேலை இல்லை, தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும்.

அந்தத் துளை தேயக் காரணமே ஆயில் அதிகமாகப் போடுவதுதான் என்றால் சிலர் நம்புவதில்லை. பழைய பிரைமரைத் தள்ளும்போது உதிரும் தூள் உரசி அரிக்கும் தன்மை உள்ளது. ராமில் ஆயில் வழிந்துகொண்டிருந்தால் தூள் அதில் ஒட்டி, அரைக்கிற பசையாக மாறி, ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரும்பை இழைத்து எடுக்கும். ராமுக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில், பிறகு துணியால் துடைத்து ஒரு படலம் மட்டும் விடுங்கள். கிரீஸ் லிங்கேஜ் பின்களுக்கு.

தேய்மானத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பிரஸ் இல்லை, அதிலிருந்து வெளியே வரும் கேஸ்தான், அதிலும் முதலில் பிரைமர். கேஸின் அடித்தளத்தைவிடப் பிரைமர் சுமார் 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். விரலால் தடவினாலே அந்தச் சின்னப் பள்ளம் தெரியும். மேடாக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? உடனே பிரைமர் பஞ்சை (பிரைமரை அழுத்தி உள்ளே ஏற்றும் குட்டித் தண்டு, பஞ்ச்) மாற்றாதீர்கள். நன்றாகச் சுத்தம் செய்த பிரைமர் பாக்கெட் (பிரைமர் உட்காரும் குழி) உள்ள கேஸில் முயன்று பாருங்கள், அதில் சரியாக வந்தால் குற்றவாளி கரி. வரவில்லை என்றால் பஞ்சைக் கழற்றி அதன் அடியில் பாருங்கள். ஒரு துளி கசடு ஸ்பிரிங்குக்குக் கீழே மாட்டியிருந்தால்கூட பஞ்ச் முழுசாக இறங்காது. பஞ்சின் முகத்தில் குழி விழுந்திருந்தால் அது பிரைமரின் முதுகில் அப்படியே பதிந்திருக்கும், அதுதான் மாற்ற வேண்டியதற்கான அடையாளம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பஞ்சோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். பஞ்சைக் கழற்றி மாட்டும் வேலை முடியும்வரை பிரைமர் ஏற்றாதீர்கள், ஏற்றிய பிறகு தடை தட்டினால் கைப்பிடியில் பலம் போடாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிரைமர் சாய்ந்தால் ஷெல் ஹோல்டரின் உதட்டைப் பாருங்கள். கேஸின் விளிம்பைப் பிடிக்கும் அந்த ஓரம் மழுங்கினால் கேஸ் சரிந்து நிற்கும், டையிலிருந்து இழுக்கும்போது விளிம்பும் கிழியும். புதிது வாங்கும்போது எண் விஷயத்தில் கவனம், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு: .30-06 ரைஃபிள் தோட்டாக் குடும்பத்துக்கு ஆர்சிபிஎஸ்ஸில் 3, லீயில் 2.

ஷெல் ஹோல்டரை மாற்றியதும் சைஸிங் டையை (சுட்டு விரிந்த கேஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் டை) மறுபடி செட் செய்தே ஆக வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஷெல் ஹோல்டரில் கேஸ் உட்காரும் தளத்திலிருந்து மேல்முகம்வரை 0.125 அங்குலம் என்பது வழக்கமான அளவு. ஆனால் இரண்டு ஷெல் ஹோல்டர்களுக்கு இடையில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு வித்தியாசம் சர்வசாதாரணம், கேஸின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) எவ்வளவு பின்னால் தள்ளுகிறோம் என்பதும் அதே அளவுக் கணக்குதான். அதிகமாகத் தள்ளினால் கேஸ் துப்பாக்கியின் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) நீண்டு சீக்கிரமே பிளக்கும், குறைவாகத் தள்ளினால் துப்பாக்கியின் போல்ட் மூடாது.

பழைய பிரைமரைத் தள்ளும் டிகேப்பிங் பின்னைப் பற்றி ஒரே விஷயம்: வளைந்ததை மாற்றுவதற்கு முன் ஏன் வளைந்தது என்று பாருங்கள். நடுவில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சின்னத் துளைகள் உள்ள பெர்டான் கேஸ் கலந்துவிட்டதா, கேஸைச் சுத்தம் செய்யும் டம்ப்ளர் மீடியா (துகள்) துளையில் அடைத்திருக்கிறதா, இல்லை பின்னைத் தாங்கும் ராடே மையம் தப்பி நிற்கிறதா. புதுப் பின்னைப் போட்டபின் லாக் நட்டை உடனே இறுக்க வேண்டாம். ஒரு கேஸை டைக்குள் ஏற்றி, பின் துளைக்குள் நுழைந்து, கேஸின் கழுத்தை விரிக்கும் எக்ஸ்பாண்டர் பந்து கழுத்தில் இருக்கும் நிலையில் இறுக்கினால் ராட் தானாக மையத்துக்கு வந்துவிடும். பின் கீழே நீட்டிக்கொண்டிருப்பது பிரைமரை முழுசாகத் தள்ளும் அளவுக்குப் போதும், அதற்கு மேல் இறக்கினால் ராடின் முனை கேஸின் அடியில் முட்டும். பின் மலிவு, நாலைந்து கூடுதலாக வைத்திருங்கள்.

சைஸ் செய்த கேஸில் நீளவாக்கில் கீறல் தெரிந்து, நகம் வைத்தால் மாட்டுகிறது என்றால் டைக்குள் மண் துகளோ ஒட்டிக்கொண்ட பித்தளையோ இருக்கும். டையை முழுக்கப் பிரித்து, கரைப்பானில் கழுவி, மரக்குச்சியில் மிக நுண்ணிய 0000 ஸ்டீல் ஊல் சுற்றிப் பொறுமையாகத் தேய்த்தால் பித்தளை போய்விடும். எமரி தாள் வைத்துத் தேய்த்தால் டையின் அளவே போய்விடும். கீறல் எஃகிலேயே விழுந்திருந்தால் புது டைதான். கார்பைடு வளையம் உள்ள டை எளிதில் தேயாது, ஆனால் உடையும். ஷெல் ஹோல்டர் அதில் மோதாதபடி ஒரு மயிரிழை இடைவெளி விட்டு வையுங்கள். டையை அதன் உயரத்தில் பூட்டும் லாக் ரிங்கின் செட் ஸ்க்ரூ டையின் மரையைக் கெடுக்காமல் இருக்க, திருகுவதற்கு முன் அதன் துளைக்குள் ஒரு குட்டி ஈயக் குண்டைப் போடுவது பழைய தந்திரம், நன்றாகவே வேலை செய்கிறது.

புரோகிரசிவ் பிரஸ் (பல கேஸ்களில் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்வது) என்றால் இன்னொரு தலைவலி, இன்டெக்சிங், அதாவது கேஸ்களைத் தாங்கும் ஷெல் பிளேட் அடுத்த இடத்துக்குச் சுழல்வது. ஷெல் பிளேட் சரியான இடத்தில் நிற்காமல் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ நின்றால், நடு போல்ட், அடியில் உள்ள கசடு, பிளேட்டை இடத்தில் நிறுத்தும் டிடென்ட் பந்தின் ஸ்பிரிங், பிளேட்டைத் தள்ளும் கொக்கியின் (pawl) நுனி என்ற வரிசையில் பாருங்கள். போல்ட்டை அதிகம் இறுக்கினால் பிளேட் சுழலாது, தளர விட்டால் பிளேட் ஒரு பக்கம் சாய்ந்து பிரைமரும் கோணும். லீ டரெட் பிரஸ்ஸில் டரெட்டைச் சுழற்றும் சதுர ராட்செட் பிளாஸ்டிக், தேயும் உடையும், ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். இன்டெக்சிங் சம்பந்தமான எந்தப் பாகத்தை மாற்றினாலும் பவுடரும் பிரைமரும் இல்லாமல் ஷெல் பிளேட் பல முழுச் சுற்று வரும்வரை கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். பாதியில் தடுக்கி நின்று மறுபடி இழுப்பதுதான் ஒரே கேஸில் இரண்டு முறை பவுடர் விழுவதற்கான வழி. டில்லன் 550 மாதிரி கையால் சுழற்றும் மாடலில் அந்தப் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்.

பவுடரை அளந்து கொட்டும் பவுடர் மெஷரில் பெரிதாகத் தேய எதுவுமில்லை. டிரம்மில் பவுடர் துகள் சிக்கி விழுந்த கீறலும் தளர்ந்த லாக் ஸ்க்ரூவும்தான் பிரச்சினை. பிளாஸ்டிக் ஹாப்பரில் பவுடரை ராத்திரி முழுக்க விட்டுவைத்தால், நைட்ரோகிளிசரின் உள்ள வகைகள் பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கி அரித்துவிடும். எதைக் கழற்றி மாட்டினாலும் முதல் பத்துப் பதினைந்து அளவுகளை வீணென்று ஒதுக்கிவிட்டு, அடுத்த பத்தை ஒவ்வொன்றாக எடை போடுங்கள். அதற்கு முன்னால் தராசையே சோதியுங்கள்: ஒரு கிரெயின் என்பது சுமார் 64.8 மில்லிகிராம், இவ்வளவு சின்ன எடையில் கண்ணை நம்ப முடியாது, எடை தெரிந்த செக் வெயிட் வேண்டும். பீம் தராசின் கத்தி முனையில் ஆயில் போடாதீர்கள், உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

கடைசியாக, பிரைமரும் பவுடரும் இல்லாத சில டம்மி ரவுண்டுகளைச் செய்து, மொத்த நீளத்தைக் காலிப்பரில் அளந்து, பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் மேசைக்குப் பவுடர் வரலாம். கழற்றிய பழைய பாகத்தை உடனே எறியாமல் பாகத்தின் எண்ணை அதன் கவரில் எழுதி வையுங்கள். சில கம்பெனிகள் உத்தரவாதத்தில் இலவசமாக மாற்றிக் கொடுக்கும், கேட்கும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.