விப்பிள் ஆபரேஷனா? மருத்துவமனையை முடிவு செய்யும் முன் இதையெல்லாம் கேளுங்கள்

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, விப்பிள் ஆபரேஷன் (கணையத்தின் தலையையும் ஒட்டிய குடல், பித்தக்குழாய்ப் பகுதிகளையும் எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு தைப்பது) செய்யணும் என்று சொன்னதும் எவ்வளவு செலவாகும், என்றைக்குச் செய்யலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அதற்கு முன்னால், "போன வருஷம் இங்கே எத்தனை விப்பிள் நடந்தது, அதில் நீங்கள் செய்தது எத்தனை, டாக்டர்?" என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அமெரிக்காவில் முதியவர்களிடம் நடத்தி 2002-ல் வெளியான பெரிய ஆய்வில், கணையத்தை வெட்டி எடுக்கும் அறுவையை வருடத்துக்கு ஒன்றுகூடச் செய்யாத மருத்துவமனைகளில் நூற்றுக்கு 16 பேர் இறந்திருந்தார்கள், 16-க்கு மேல் செய்த இடங்களில் 4 பேருக்கும் குறைவு. நெதர்லாந்தில் வருடத்துக்கு 20 ஆவது செய்தாக வேண்டும் என்றே விதி வைத்தார்கள். அந்த 20-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைத்திறமை மட்டும் காரணமில்லை. கணையத்தைக் குடலோடு தைத்த இடம் கசிவது நல்ல இடங்களிலும் நடக்கிறது. கசிந்த கணைய நீர் பக்கத்து ரத்தக்குழாயை அரித்துவிடும். ஒரு வாரம் ஆகி, நன்றாகத்தானே இருக்கிறார் என்று நினைக்கும்போது வயிற்றிலிருந்து கசிவு வடியும் டிரெயின் பையில் லேசாகச் சிவப்பு தெரியும். அந்தச் சிறு சிவப்பைப் பார்த்ததும் பதறி ஓடிவரும் நர்ஸ் வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும் தொடை வழியாகக் குழாய் விட்டு ரத்தக்கசிவை அடைக்கத் தெரிந்தவர் வேண்டும். "அவர் இங்கேயே இருக்கிறாரா, வெளியிலிருந்து வரணுமா?" என்று கட்டாயம் கேளுங்கள், உயிர் பிழைப்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

அப்புறம் மஞ்சள் காமாலை. கட்டி பித்தக்குழாயை அடைத்துக் கண் மஞ்சளானதும், அடைப்பைத் திறக்க அவசரமாக ஸ்டென்ட் என்ற சிறு குழாயைப் போட்டுவிடுகிறார்கள். முதலில் கணையத்துக்கென்றே எடுக்கும் சிடி ஸ்கேன் முடியட்டும், ஸ்டென்ட் போட்டபின் எடுத்தால் படம் தெளிவாக இருக்காது. 2010-ல் வந்த டச்சு ஆய்வில், ஸ்டென்ட் போட்டுக் காத்திருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல் வந்தது, நேராக அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதம். ஆனால் குளிர்காய்ச்சல் இருந்தாலோ, ரத்தத்தில் பிலிருபின் (காமாலையின் மஞ்சள் நிறப்பொருள்) மிக அதிகமானாலோ, முதலில் கீமோ என்றாலோ ஸ்டென்ட் தேவைப்படும், அப்போது மறுக்காதீர்கள்.

ஆபரேஷன் முடியாது என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டால், நிறையச் செய்கிற இன்னொரு இடத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டையும் கொண்டுபோங்கள், கட்டி ரத்தக்குழாயை எவ்வளவு தொட்டிருக்கிறது என்பதை சர்ஜன் தன் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும்.