உண்டக்காப்பியை காயப்போட்டா அது நேச்சுரல் ஆயிடுமா?

நீலகிரியில சேரம்பாடி, எருமாடு பக்கம் ரெண்டு மூணு ஏக்கர் காப்பித் தோட்டம் வச்சிருக்கவங்ககிட்ட நேச்சுரல் காப்பின்னு சொல்லிப் பாருங்க, "வயநாட்டுக்காரன் விக்கற உண்டக்காப்பிதானப்பா இது, இதுக்கு எதுக்கு இங்கிலீஷ் பேரு"ம்பாங்க. பாதி உண்மைதான். ரெண்டுமே காப்பிப் பழத்தை உரிக்காம அப்படியே முழுசா காயவைக்கறதுதான், எத்தியோப்பியாவுலயும் ஏமன்லயும் காலகாலமா இப்படித்தான். ஆனா "அதுதானே இது"ன்னு அலட்சியமா இறங்கறதுலதான் எல்லாத் தப்பும் ஆரம்பிக்குது.

முதல்ல பறிப்பு. கூலி ஏறிப்போச்சுன்னு கீழ படுதா விரிச்சு கொப்பை ஒரே இழுப்பா உருவிடறோம், பச்சை, சிவப்பு, கருத்தது எல்லாம் ஒரே சாக்குல. நேச்சுரல்ல தோலும் சதையும் வாரக்கணக்கா கொட்டையோட ஒட்டிக்கிட்டே கிடக்கும், அதனால பச்சைக்காயோட துவர்ப்பும் அழுகின பழத்தோட வாடையும் நேரா டம்ளருக்கே வந்துடும். ரொபஸ்டா ரகக் காப்பியா இருந்தாலும் பழுக்கப் பழுக்க ரெண்டு மூணு சுத்து பறிக்கணும். பறிச்சதை தண்ணியில கொட்டி மிதக்கற பொக்கு, போரர் பூச்சி துளைச்சது எல்லாத்தையும் அள்ளித் தனியா போட்டுட்டு அன்னிக்கே காயப்போடுங்க. சாக்குல ஒரு ராத்திரி கிடந்தாலே உள்ள கை விட்டா கதகதன்னு இருக்கும், அப்புறம் அது உண்டக்காப்பி விலைக்குத்தான் போகும்.

காயவைக்கறதுலதான் நான் அடி வாங்கினேன். ஜனவரியில திடீர்னு மழை, பதறிப்போய் பிளாஸ்டிக் ஷீட்டை பழத்து மேலயே போட்டு மூடிட்டேன், ரெண்டு நாள் திறக்கல. மூணாவது நாள் தூக்கினா ஷீட்டுக்கு அடியில வேர்த்துக் கொட்டுது, காம்பு இருந்த இடத்துல எல்லாம் வெள்ளையா பஞ்சு மாதிரி பூஞ்சை, மூஞ்சியில அடிச்ச மாதிரி காடி வாசம். வாங்க வந்தவர் ஒரு கை அள்ளி மோந்து பாத்துட்டு பேசாம கீழ போட்டுட்டார். ஷீட் பழத்துல படக்கூடாதுங்க, மேல கம்பு கட்டி பந்தல் மாதிரி நிக்கணும், ரெண்டு பக்கமும் காத்து போகணும். மண் களம் வேண்டாம், மண் வாடை ஏறிடும். வலை அடிச்ச மேடை நல்லது. முதல் சில நாள் ஒத்த அடுக்குதான், அடிக்கடி கிளறணும். அதுக்காக சுள்ளுன்னு வெயில்ல சிமெண்ட் களத்துல கொட்டி நாலே நாள்ல முடிச்சுடலாம்னும் நினைக்காதீங்க, மேல்தோல் முறுகிடும், உள்ள ஈரம் அப்படியே நிக்கும்.

காஞ்சுதான்னு எப்படித் தெரியும்? ஒரு கை அள்ளிக் குலுக்கினா கலகலன்னு சத்தம் வரணும், பருப்பைக் கடிச்சா பல்லு பதியக் கூடாது. ஈரம் பாக்கற மீட்டர் கிடைச்சா 11% பக்கத்துல நிறுத்துங்க. 12.5% தாண்டி மூட்டை கட்டினா பூஞ்சை வரும், அதுல ஓக்ராடாக்சின்னு ஒரு நஞ்சு, வறுத்தாக்கூட முழுசா போகாது.

மூட்டையை மிளகு, ஏலக்கா பக்கத்துல வைக்காதீங்க, உரச்சாக்கு வேண்டவே வேண்டாம், காப்பி எல்லா வாசத்தையும் இழுத்துக்கும். (எங்க வீட்ல ஒரு வருஷம் மிளகு வாசத்தோட காப்பி குடிச்சோம், நல்லாத்தான் இருந்துச்சு, யாரும் வாங்கல.) தோல் உடைக்கவும் அவசரப்படாதீங்க, விலை பேசி முடிச்சப்புறம் மில்லுக்குக் கொண்டு போங்க. முந்தின ஆளோட சரக்கு மிஷினுக்குள்ள மிச்சம் கிடக்கும், அதை ஓட்டித் தள்ளச் சொல்லிட்டு அப்புறமா உங்க மூட்டையைக் கொட்டுங்க.