ஃபிஷ் டெஸ்ட்டுக்கும் மீனுக்கும் சம்பந்தம் இல்ல: ரிசெப்டார் விஷயத்துல நாம பண்ற தப்புகள்

பெரியம்மாவுக்கு மார்ல கட்டின்னு சதை எடுத்து அனுப்பினதுல ஹெர்-2ங்கிற ரிசெப்டார் (வெளிய இருந்து வர்ற சேதிய செல்லுக்குள்ள அனுப்புற புரோட்டீன்) 2+னு ரிப்போர்ட் வந்துச்சு, அடுத்து ஃபிஷ் டெஸ்ட் எடுக்கணும்னு மதுரையில சொல்லி விட்டாக. அது தங்கச்சிமடம் வந்து சேர்றதுக்குள்ள மீன் டெஸ்ட்டா மாறிருச்சு, சித்தப்பா போட்டுல இருந்து மீன் குடுத்து விடுறதையே நிறுத்திட்டாரு, பெரியம்மாவுக்கு நாலு நாளா ரசஞ்சோறுதான். போதாததுக்கு 2+னா ரெண்டாவது ஸ்டேஜாம்னு தெருவே பேசிருச்சு. ஸ்டேஜ் வேற, இது வேற. செல்லு மேல ஹெர்-2 ரொம்ப அதிகமா இருக்கா இல்லையான்னு உறுதியாத் தெரியல, அதோட ஜீன் எத்தனை காப்பி இருக்குன்னு எண்ணிப் பாருங்கன்னுதான் 2+க்கு அர்த்தம். ஜீன்ல ஒளிர்ற சாயத்தை ஒட்ட வச்சு எண்ணுறாங்க, அந்த டெஸ்ட்டோட நீளப் பேரைச் சுருக்கினா ஃபிஷ்னு வருது, அம்புட்டுத்தான்.

இதவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, அதை டியூஷன்ல நானே பல வருசம் சொல்லிக் குடுத்திருக்கேன். வளர்ச்சிக் காரணி சாவி, ரிசெப்டார் பூட்டு, திறந்தா செல் பெருகும்னு. ஈஜிஎஃப்ங்கிற சாவியக் கண்டுபிடிச்ச ஸ்டான்லி கோஹனுக்கு 1986ல நோபல் கெடச்சது வாஸ்தவம். ஆனா ஹெர்-2வுக்குன்னு ஒரு சாவி இதுவரைக்கும் கெடைக்கல, ஒறவுக்கார ரிசெப்டாரோட ஜோடி சேந்தே வேலைய ஆரம்பிச்சிரும். ஜோடி சேந்தப்புறமும் எவ்வளவு வேகம்ங்கிறது செல்லுங்கிற வீட்டுக்குள்ள இருக்கிறவங்க கையில. சைட்டோஹெசின்னு ஒரு புரோட்டீன் உள்ள இருந்து முட்டுக் குடுத்து வேகத்தக் கூட்டுதுன்னு 2010ல ஜெர்மனியில கண்டுபிடிச்சாங்க. மிக்-6ங்கிற இன்னொரு புரோட்டீன் அதுக்கு நேர் எதிரி, உள்பக்கத்துல ஒட்டிக்கிட்டு பிரேக் போடும்.

ரிசெப்டார் செல்லு மேலயே நிரந்தரமா நிக்கும்னு நெனைக்கிறதும் தப்புதான். நண்டு வலை கரைக்கு வந்ததும் என்ன பண்ணுவோம், சினை நண்டக் கடல்ல விட்டுட்டு மத்தத பெட்டியில போடுவோம்ல, செல்லும் அப்படித்தான், சிக்னல் குடுத்த ரிசெப்டார உள்ள இழுத்துத் தரம் பிரிக்கும். சிபிஎல்ங்கிற புரோட்டீன் யுபிக்விட்டின்னு ஒரு சீட்டு ஒட்டிட்டா அது லைசோசோமுக்கு, அதாவது செல்லு வேண்டாதத அழிக்கிற அறைக்குப் போயி அழியும், சீட்டு இல்லாதது பெரும்பாலும் மறுபடி மேல வந்துரும். (உவமை இங்க கொஞ்சம் நொண்டும், பிடிபட்ட நண்டு என்ன பண்ணிரப் போகுது, ரிசெப்டார் உள்ள வந்தப்புறமும் கொஞ்ச நேரம் சிக்னல் குடுத்துக்கிட்டேதான் இருக்கும்.) ஹெர்-2 லேசுல உள்ள போகாது, போனாலும் திரும்பி வந்துரும், ஜோடி சேந்த ஈஜிஎஃப்ஆரையும் (ஈஜிஎஃப் சாவி பொருந்துற ரிசெப்டார்) சீக்கிரம் அழிய விடாது. கேன்சர்ல அது அவ்வளவு ஆட்டம் போடுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

வளர்ச்சிக் காரணின்னு பேரு இருக்கிறதால பால், முட்டை, மீன நிறுத்துறாங்க பாருங்க, அதப் பாத்தாத்தான் எனக்குக் கோவம் வருது. சாப்பிடுற புரோட்டீன் வயித்துல செரிச்சுப் போயிரும், கீமோ நேரத்துல உடம்புக்கு அது தேவையும்கூட, எதையும் டாக்டரக் கேக்காம நிறுத்தாதீங்க.

பக்கத்து வீட்டு அக்கா, அவங்க அண்ணனுக்குக் குடல் கேன்சர், பெரியம்மாவுக்குப் போடுற ஊசியவே போடலாமான்னு கேட்டாங்க. பெரியம்மாவுக்கு டிராஸ்டுசுமாப், ஹெர்-2 அதிகமா இருந்தாத்தான் அதுக்கு வேலை. குடலுக்கு செடுக்ஸிமாப்னு ஒண்ணு இருக்கு, ஈஜிஎஃப்ஆர வெளிய இருந்து அடைக்கும், ஆனா உள்ள கேராஸ்ங்கிற புரோட்டீன் மியூட்டேஷன் ஆகித் தானா ஓடிக்கிட்டு இருந்தா வாசல அடைச்சு என்ன பிரயோஜனம், அதனாலதான் மொதல்ல கேராஸ் டெஸ்ட் எடுக்கிறாங்க. அண்ணன் ரிப்போர்ட்ல கேராஸ் என்னன்னு போட்டிருக்குன்னு பாத்துட்டு வாங்கக்கான்னு சொல்லி அனுப்பினேன்.