தயிரில் மிதந்த ஆளிவிதை எண்ணெய்

பாளையங்கோட்டையில் சித்திரை வெயில். ஆளிவிதை எண்ணெய் பாட்டிலை அடுப்பு மேடையில், நல்லெண்ணெய்க்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சில நாளில் கசப்பு. தயிரில் ஊற்றினாலும் மேலேயே மிதந்தது. ஆச்சி ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னல இது, பெயிண்டு வாடைல்லா அடிக்கு" என்றாள். தப்பில்லை, மரச் சாமானுக்குப் பூசும் லின்சீட் ஆயிலும் இதே விதையில் எடுப்பதுதான்.

இந்த எண்ணெயில் பாதிக்குமேல் ஒமேகா 3 கொழுப்பு. சூடு, வெளிச்சம், காற்று மூன்றும் அதற்கு ஆகாது. இப்போது சின்ன பாட்டிலாக வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். தாளிக்க எடுப்பதில்லை.

மிதக்காமல் இருக்க வழி, ஜெர்மனியின் உயிர்வேதியியலாளர் யோஹன்னா பட்விக் 1950களில் சொன்ன முறையில் இருந்தது: கந்தகப் புரதம் உள்ள குவார்க் என்ற பாலாடைக்கட்டியோடு எண்ணெயை அடித்துக் கலப்பது. நம்மூரில் குவார்க்குக்கு எங்கே போக? தயிரை வேட்டித்துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் வடியவிட்டேன். நாலு ஸ்பூன் கெட்டித்தயிருக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய், மிக்சியில் ஒரு நிமிடம். வெண்ணெய் மாதிரி சேர்ந்துவிட்டது.

இதனால் புற்றுநோய் தீரும் என்று அவர் சொன்னதற்கு நிரூபணம் கிடையாது. எனக்கு இது காலைச் சாப்பாட்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஆச்சி மட்டும் இன்னும் மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள்.